அடித்தாரை வாழ்த்தும் அது

ஆற்றின் தென்கரையில் பெருந்தேவி என்றொரு கவனகர் இருந்தார்.

ஒரே நேரத்தில் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து தொந்தரவு செய்ய, எட்டுக்கும் மனத்தில் இடம் கொடுத்து, கடைசியில் எதையும் விடாமல் திருப்பிச் சொல்வதுதான் கவனகக் கலை. ஒருவர் அவ்வப்போது மணி அடிப்பார். மொத்தம் எத்தனை அடி என்று கேட்பார். ஒருவர் பின்னாலிருந்து முதுகில் சிறுகல் எறிவார். அதற்கும் கணக்குச் சொல்லவேண்டும். ஒருவர் விடுகதை போடுவார். ஒருவர் வேண்டுமென்றே ஊர்வம்பு பேசுவார். இத்தனைக்கும் நடுவில் ஒரு புலவர் வெண்பாவின் கடைசி வரியை மட்டும் கொடுப்பார். மேலே மூன்று வரியை அங்கேயே புதிதாகக் கட்டி, அந்த வரியில் கொண்டுபோய் முடிக்கவேண்டும்.

மற்றதற்கெல்லாம் நினைவு போதும். இந்த ஒன்றுக்கு மட்டும் அது போதாது.

பெருந்தேவியிடம் பாடம் கேட்ட தணிகாசலம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். காதில் விழுந்த எதையும் மறக்கமாட்டார். கடையில் சுக்கு ஒரு டப்பா, திப்பிலி ஒரு டப்பா என்று இருப்பதைப்போல, கேட்டதையெல்லாம் மண்டைக்குள் தனித்தனியாக மூடி போட்டு வைத்திருந்தார். எந்தக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார் என்பது வரைக்கும் அவரிடம் இருக்கும். அதனால் ஊரில் அவருக்கு மரியாதையும் உண்டு, அவரைக் கண்டால் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு.

சித்திரைத் திருவிழாவில் அவர் முதன்முதலாகப் பலகை ஏறினார். கோயில் மண்டபத்தில் கவனகர் உட்காருவதற்கென்று ஒரு பலகை உண்டு. அதில் இரண்டு முறை தோற்றவர் பிறகு ஏறக்கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம்.

மணி, கல், விடுகதை எல்லாம் சரியாக வந்தன. கடைசியில் பாட்டு. வித்துவான் சிவக்கொழுந்து கொடுத்திருந்த வரிக்குத் தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பாட்டு வந்தது. எவ்வளவு அழகான பாட்டு. தளை தட்டவில்லை, சொல் துருத்தவில்லை. பூரித்துப்போய் ராகம் போட்டுப் பாடினார்.

முதலில் சிரித்தவர் சிவக்கொழுந்து. பிறகு மண்டபமே சிரித்தது. அது பெருந்தேவி பல வருஷத்துக்கு முன்னால் அதே மண்டபத்தில் பாடிய பாட்டு. ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ஓர் எழுத்துகூட மாறாமல், குருவின் பாட்டைக் குருவின் எதிரிலேயே தன் பாட்டு என்று பாடியிருந்தார் அந்த மனிதர்.

மறுநாள் காலை அவர் பெருந்தேவியின் வீட்டுக்கு வந்தபோது முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"அம்மா, நான் வேணும்னு பண்ணல."

"தெரியும்."

"சத்தியமா என் பாட்டுன்னுதான் நெனச்சேன்."

"அதுவும் தெரியும். பாடறப்ப உங்க மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கட்டினப்ப எனக்கே அவ்வளவு சந்தோஷம் வரல."

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். மறக்கறதுக்குச் சொல்லித் தாங்க. என் கடையில ஞாபகத்துக்குத்தான் மருந்து இருக்கு. வல்லாரை இருக்கு. மறதிக்கு ஒண்ணும் இல்ல."

"எதுக்கு மறக்கணும்?"

"மூளைக்குள்ள இருக்கறதெல்லாம் வெளியிலேர்ந்து போனது. எல்லாம் அடுத்தவங்க சரக்கு. அதைக் காலி பண்ணினாத்தானே புதுசு வரும்? காலி பண்ணினாலும் எங்கேர்ந்து வரும்? எனக்குப் புரியல. புதுசுங்கறது எங்கேர்ந்துதான் வருது?"

பெருந்தேவி எழுந்து உள்ளே போனார். அஞ்சறைப் பெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துத் திறந்தார்.

"மோந்து பாருங்க."

அவர் குனிந்து முகர்ந்தார். மருந்துக் கடைக்காரர் மூக்கு.

"கடுகு, சீரகம், மல்லி, மிளகு, வெந்தயம். வெந்தயம் போன வருஷத்துது."

"கொழம்பு வாசனை வருதா?"

"எப்படி வரும்?"

"ஏன், எல்லாம் உள்ளதான இருக்கு?"

தணிகாசலம் பெட்டியைப் பார்த்தார். ஒவ்வொன்றும் அதனதன் கிண்ணத்தில் ஒழுங்காக இருந்தது. 

"அப்ப மறக்க வேண்டாமா?"

"பெட்டி காலியா இருந்தா எதை வெச்சுக் கொழம்பு வெக்கறது?"

"சரி. அடுப்பு எங்க இருக்கு?"

பெருந்தேவிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார்.

"முருங்கைக்கீரை ஆயத் தெரியுமா உங்களுக்கு?"

அன்றிலிருந்து அதுதான் பாடம். காலையில் வந்ததும் பெருந்தேவி ஒரு கடைசி வரி கொடுப்பார். அதை வைத்துக்கொண்டு தணிகாசலம் மல்லுக்கட்டவேண்டும். திருப்பிப் போட்டு, புரட்டிப் போட்டு, வாய் வலித்து, இனிமேல் முடியாது என்று சலித்துப்போகும் வரைக்கும் விடக்கூடாது. அதற்குப் பிறகு ஒரு கட்டு முருங்கைக்கீரை. கீரை ஆயும்போது அந்த வரியைத் தொடக்கூடாது.

"தொட்டா?"

"கொதிக்கறப்ப மூடியைத் தொறந்து தொறந்து பாத்தா எப்ப வேகும்?"

தணிகாசலம் தொட்டார். தொடாமல் இருப்பாரா? கையில் கீரை, மனத்தில் வரி. பெருந்தேவி வந்து முறத்தில் கைவிட்டு அளைந்தார்.

"காம்பு கெடக்கு. வரியைத் தொட்டிருக்கீங்க."

அடுத்த நாளும் காம்பு. அதற்கடுத்த நாள் வரியைத் தொடக்கூடாது, தொடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே ஆய்ந்தார். அன்றைக்குத்தான் காம்பு அதிகம்.

பாட்டு வராவிட்டாலும் கீரை வந்துகொண்டிருந்தது. பெருந்தேவியின் கணவர் ஒருநாள் இலையில் உட்கார்ந்து பொரியலைப் பார்த்தார். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தார்.

"இந்த வெண்பா எப்பங்க முடியும்?" என்றார்.

மழைக்காலம் வந்தது. தணிகாசலத்துக்கு ஒரு கட்டத்தில் எல்லாமே அலுத்துப்போனது. கடையைப் பார்த்துக்கொண்டு கௌரவமாக இருந்திருக்கலாம், இந்த வயதில் கீரை ஆய்ந்துகொண்டு கிடக்கிறோமே என்று தோன்றியது. அலுப்பில் வரியும் மறந்தது, தான் உட்கார்ந்திருப்பதும் மறந்தது. விரல்கள் தம்பாட்டுக்கு ஈர்க்கை உருவிக்கொண்டிருந்தன. வெளியே தூறல்.

திடீரென்று எழுந்து நின்றார். மடியிலிருந்த கீரையெல்லாம் தரையில் கொட்டியது.

"அம்மா."

பெருந்தேவி வந்தார்.

"ஒண்ணு வந்திருக்கு."

"சொல்லுங்க."

சொன்னார். கடையில் மருந்து வாங்க வரும் ஒருவருடைய இருமலும், கோயில் யானையின் கால் சங்கிலிச் சத்தமும், காலையில் கொடுத்த வரியும் அந்தப் பாட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருமல் ஒரு டப்பாவிலும் யானை ஒரு டப்பாவிலும் பல வருஷமாக இருந்தவை.

பெருந்தேவி கடைசி வரை கேட்டார்.

"மோசம்" என்றார். "ரெண்டாவது வரியில தளை தட்டுது. யானைக்கு ரொம்ப எடம் குடுத்துட்டீங்க. மோசமான பாட்டு."

தணிகாசலத்தின் முகம் வாடியது.

"ஆனா இது யாரு பாட்டு?"

அவர் தேடினார். தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் ஒன்று விடாமல் தேடினார். எதிலும் இருமுகிற யானை இல்லை.

"யாருதும் இல்ல" என்றார் மெதுவாக. பிறகு, "என்னுது" என்றார். ஐம்பது வயதுக்காரர், தரையில் சிந்திய கீரைக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெருந்தேவி கீழே குனிந்து கீரையை அள்ளிப் பார்த்தார். ஒரு காம்புகூட இல்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். கீரை ஆஞ்சது நான். அந்த நேரத்துல பாட்டைக் கட்டினது யாரு?"

"தூங்கறப்ப மூச்சு விடறது யாரு?"

"நான்தான்."

"இதுவும் அவருதான். காலையில அவருகிட்ட வேலையை ஒப்படைச்சது நீங்க. அதுக்கப்புறம் கூடவே நின்னு நச்சரிச்சீங்க. இன்னிக்குத்தான் விட்டீங்க."

அதற்குப் பிறகும் எல்லா நாளும் பாட்டு வரவில்லை. வந்தவற்றில் பாதி நொண்டின. ஆனால் நொண்டியவை எல்லாம் அவருடைய பிள்ளைகள். அவர் அவற்றைத் திருத்தக் கற்றுக்கொண்டார்.

பங்குனி முடிந்தது. திருவிழாவுக்குக் கொடி ஏறியது.

"இந்தத் தடவை தோத்தா முடிஞ்சது" என்றார் தணிகாசலம். "அப்புறம் பலகையைத் தூரத்துலேர்ந்துதான் பாக்கணும்."

"ஆமாம்."

"ஒரு பயம். மண்டபத்துல கீரை கெடையாதே."

"வரி குடுக்கறவரு போக மத்த ஏழு பேரு உக்காந்து தொந்தரவு பண்றாங்களே, போதாதா?"

அவர் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மண்டபத்தில் உட்கார இடமில்லை. தணிகாசலம் மறுபடியும் யார் பாட்டைப் பாடப்போகிறார் என்று பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். அவர் பலகை ஏறி உட்கார்ந்தார். பெருந்தேவி கூட்டத்தோடு கூட்டமாக, ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருந்தார்.

முதல் கேள்வியே சிவக்கொழுந்துடையது. எழுந்து, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வரியைச் சொன்னார்.

"அடித்தாரை வாழ்த்தும் அது."

கூட்டத்தில் தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்லால் அடித்தவனுக்கும் பழம் கொடுக்கும் மரம். இந்தக் கருத்தில் அந்த ஊரில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. தமிழ் படிக்க ஆரம்பிக்கிற யாரும் முதலில் கட்டிப் பார்ப்பது இதைத்தான். நினைவுக்காரரைப் பிடிக்க இதைவிட நல்ல பொறி கிடைக்காது.

பொறி வேலை செய்தது. தணிகாசலத்தின் மண்டைக்குள் மூடிகள் தாமாகத் திறந்தன. மாமரம் வந்தது. பலா வந்தது. இலந்தை வந்தது. ஒவ்வொன்றும் முழு வெண்பாவாக, சிங்காரித்துக்கொண்டு வந்து நின்றது. போன வருஷம் இப்படி வந்து நின்ற ஒன்றைத்தான் தன்னுடையது என்று கட்டிக்கொண்டார். இந்த முறை ஒவ்வொன்றையும் பார்த்து, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் வீடு இருந்தது, பெயர் இருந்தது. மறக்காத மனிதர் அல்லவா, ஒன்று விடாமல் தெரிந்தது. எல்லாவற்றையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வந்தவை போய்விட்டன. எதிரே ஒன்றுமில்லை.

இருந்தாலும் வரியை உள்ளே வைத்துவிட்டு அதை விட்டுவிட்டார்.

மணி அடித்தது. விடுகதை வந்தது. முதுகில் கல் விழுந்தது. அவர் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். இடையில் சிவக்கொழுந்து குரல் கொடுத்தார்.

"என்னங்காணும், மரம் பழுத்ததா?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வம்பு பேசுகிறவர் எழுந்துவிட்டார்.

"போன வருஷம் இதே பலகையில ஒருத்தர் குருவோட பாட்டைக் குருவுக்கே பாடிக் காட்டினாராமே, உங்களுக்குத் தெரியுமா? ஆளு யாருன்னு எனக்கு ஞாபகம் இல்ல. உங்களுக்குத்தான் ஞாபகம் ஜாஸ்தியாச்சே."

மண்டபம் வெடித்தது. போன வருஷத்துச் சிரிப்பு அப்படியே திரும்பி வந்ததுபோல் இருந்தது. அது நெஞ்சில் வந்து விழுந்த அதே நொடியில் முதுகில் ஒரு கல் விழுந்தது. அதே நொடியில் மணியும் அடித்தது.

தணிகாசலம் சிரித்தார்.

வாய்விட்டுச் சிரித்தார். வம்பு பேசியவர் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். அவமானத்தில் மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருவர் இரக்கப்பட்டார். தூணுக்குப் பக்கத்தில் பெருந்தேவி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முறை முடிந்து, பதில் சொல்லும் நேரம் வந்தது. மணி எத்தனை என்றார், சரி. கல் எத்தனை என்றார், சரி. விடுகதையை அவிழ்த்தார். வம்புக்காரர் சொன்னதைச் சொல் மாறாமல் திருப்பிச் சொல்லி, "அந்த ஆளு நான்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

"பாட்டு?" என்றார் சிவக்கொழுந்து.

தணிகாசலம் கண்ணை மூடவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அடிபட்ட வெண்கலமே ஆர்க்கும் மணியாய்;
நொடிக்கொருகல் என்முதுகில் எண்ணாம் - கடிந்து
வெடிச்சிரிப்பால் அன்றடித்தீர்; வந்ததிப் பாட்டே;
அடித்தாரை வாழ்த்தும் அது.

மரமும் இல்லை, பழமும் இல்லை. மணி இருந்தது, அவர் முதுகு இருந்தது, அந்த மண்டபத்தின் சிரிப்பு இருந்தது. வெண்கலத்தை அடித்தால் மணி ஒலிக்கிறது, முதுகில் கல்லால் அடித்தால் அது கணக்காகிறது, என்னை நீங்கள் சிரிப்பால் அடித்தீர்கள், அதிலிருந்து வந்த பாட்டு உங்களை வாழ்த்துகிறது.

கூட்டம் சிவக்கொழுந்தைப் பார்த்தது.

"மறுபடி" என்றார் சிவக்கொழுந்து.

மறுபடி சொன்னார்.

சிவக்கொழுந்து கண்ணை மூடிக்கொண்டார். தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் அவர் தேடுகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. பக்கத்திலிருந்த புலவரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். இன்னொருவரைப் பார்த்தார், அவரும் அப்படியே.

"இது எங்கயும் இருக்க முடியாது" என்றார் சிவக்கொழுந்து கடைசியில். "இந்தச் சிரிப்பு இந்த மண்டபத்துச் சிரிப்பு. மொதல்ல சிரிச்சவன் நான்."

பாட்டை ஏற்றுக்கொண்டால், வரி கொடுத்த புலவரே எழுந்துபோய்ப் பலகையில் கவனகருக்குப் பக்கத்தில் உட்காரவேண்டும். அதுதான் தீர்ப்பு. சிவக்கொழுந்து பருத்த மனிதர். மெதுவாக எழுந்து, நடந்து வந்து, தணிகாசலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். பலகை முனகியது.

"வாழ்த்து எனக்குந்தானே?" என்றார்.

"உங்களுக்குத்தான் மொதல்ல" என்றார் தணிகாசலம்.

அதற்குப் பிறகு மண்டபத்தில் எழுந்த சத்தத்தில் வெளியே தேரடியில் நின்றவர்கள்கூட என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். கல் எறிந்தவர் கையில் மிச்சமிருந்த கல்லையெல்லாம் கொட்டிவிட்டுக் கை தட்டினார். மணிக்காரர் நிறுத்தாமல் மணி அடித்தார். யாரும் அதை எண்ணவில்லை. வம்பு பேசியவர் மாலையோடு வந்து, எங்கே போடுவது என்று தெரியாமல் இருவர் கழுத்தையும் சேர்த்துப் போட்டார். தணிகாசலம் அப்படி ஒரு நாளை அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டது உண்டு. ஆசைப்பட்டதைவிட அது பெரியதாக இருந்தது.

கூட்டம் விலகக் காத்திருக்காமல், அதற்குள் நுழைந்து நெருக்கியடித்துக்கொண்டு அவர் தூணருகே வந்து சேர்ந்தார். மாலையில் பாதி பிய்ந்துபோயிருந்தது. மூச்சு வாங்கியது.

"அம்மா, அந்தப் பாட்டு. மணியும் கல்லும் சிரிப்பும் சேந்து விழுந்துச்சு. அடுத்த நொடி அது முழுசா இருந்துச்சு. நான் ஒண்ணுமே பண்ணல. அது எங்கேர்ந்து வந்துச்சு?"

பெருந்தேவி சிறிது தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் விட்டார்.

"அது இருக்கட்டும். மணிச் சத்தத்துல எனக்கு ரெண்டாவது வரி சரியாக் கேக்கல. மொதல்லேர்ந்து நிதானமாச் சொல்லுங்க. நான் மனப்பாடம் பண்ணணும்."